லைட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிய ஜீப்பு

எங்கள் அத்தையின் கல்யாணம் போயும் போயும் ஒரு கால்பந்து ஆட்டத்தில் மாட்டிக்கொண்டது. எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்திருந்த சமயம். நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். படிப்புதான் ஆறு, வாய் பத்தாம் வகுப்பு என்று அம்மா சொல்வாள். அது உண்மைதான், மறுக்கவில்லை.

போடியில் எங்கள் வீடு முந்தல் ரோட்டுப் பக்கம். மொட்டைமாடியில் ஏறினால் மலை முழுசாகத் தெரியும். போடிமெட்டிலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிற ரோட்டில் எந்த வளைவில் பஸ்சு வருகிறது, எந்த வளைவில் ஜீப்பு வருகிறது என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மேலே தோட்டங்களில் காய் வாங்கி வந்து, வீட்டு முன்கூடத்தில் கொட்டி, பத்துப் பெண்களை உட்காரவைத்து, பெருசு தனி, சிறுசு தனி, வெடித்தது தனி என்று பொறுக்கி விற்பார். அந்தப் பத்துப் பேரும் கையால் காயைப் பொறுக்கினால் காதால் எங்கள் வீட்டுப் பேச்சைப் பொறுக்குவார்கள். எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே கிடையாது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா போனபிறகு அப்பாதான் வளர்த்தார். வளர்த்த உரிமையில் அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஏலக்காய்க்குக் குறை சொல்வது போலவே குறை சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒருத்தர் நிறம் பத்தாது, ஒருத்தர் எடை பத்தாது. அத்தைக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. காரணம் எங்கள் மாமா.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, கீழே அடுப்பு மூட்டி, சூடு கூடாமலும் குறையாமலும் காயவைக்கிற கட்டிடம். மாமா லீவுக்கு இறங்கி வந்தால் அத்தை அவருக்குக் காப்பியில் சீனி போட மறந்துவிடுவாள். அவரும் அதை ஒரு வார்த்தை சொல்லாமல் ரசித்துக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்பார். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், காய் பொறுக்குகிற பத்துப் பேருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வினையே.

மலையில் பந்து என்றால் உயிரை விடுவார்கள். அந்தக் காய்ச்சல் மாமாவுக்கும் தொற்றிவிட்டது. தோட்டத்து டீமில் அவர் கோல்கீப்பர். ஒருநாள் சாயங்காலம், "அரை மணி நேரம்தான்" என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போனவர் இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தார். ஸ்டோரில் இருந்த காய் அவ்வளவும் பச்சை போய்ச் சருகு நிறத்துக்கு வந்துவிட்டது. அது அப்பாவுக்கு வரவேண்டிய காய். அன்றிலிருந்து அப்பா அவரை மாப்ளே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "பந்துக்காரன்" என்பார். அதையும் மூஞ்சியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டுதான் சொல்வார்.

அம்மா விடுகிற ஆளா? ஒரு மத்தியானம், முன்கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது வேண்டுமென்றே பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, வெளியில எதுக்கு மாப்பிள்ளை தேடுறீக? என் தம்பிக்கு என்ன கொறச்சல்?"

"என்ன கொறச்சலா? ஆட்டத்துல இருவத்திரெண்டு பேரு. இருவது பேரு நாக்குத் தள்ள ஓடுறான். ரெண்டு பேரு மட்டும் கம்புக்கு நடுவுல சும்மா நிக்கிறான். அந்த ரெண்டுல ஒருத்தன் உந்தம்பி. வெளையாட்டுலயும் சோலி செய்ய மாட்டேங்குறான், அவனுக்கு எந்தங்கச்சியக் குடுக்கணுமா?"

பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஏன், இந்த வருசம் எஸ்டேட் கப்பை அவன்தான் ஜெயிக்கப் போறான், பாருங்க" என்றாள்.

அப்பா அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "அவன் கப்பை ஜெயிக்கட்டும்டி. ஜெயிச்ச அன்னைக்கே தட்டை மாத்தி எந்தங்கச்சியக் குடுக்கிறேன். இது என் வாக்கு, எல்லாரும் கேட்டுக்கங்க!"

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். சல்லடை ஆட்டிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது.

அப்பா யோசிக்காமல் சொல்லிவிடவில்லை. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் டீம் வைத்து, கடைசிக் காய் எடுப்பு முடிந்ததும் தை மாதத்தில் ஆடுகிற ஆட்டம் அது. மாமாவின் டீம் வருசா வருசம் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்விவிட்டுத் திரும்பும். அந்தத் தைரியம் அவருக்கு. கையோடு தேனியிலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர் குடும்பத்தை, இறுதி ஆட்டம் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லியும் அனுப்பிவிட்டார்.

ஆனால் அந்த வருசம் பந்துக்கு என்ன கிறுக்கு பிடித்ததோ, மாமாவின் டீம் முதல் ஆட்டத்தில் ஜெயித்தது. இரண்டாவதிலும் ஜெயித்தது. அரையிறுதியில் எதிராளி அடித்த பந்தை மாமா பாய்ந்து பிடித்து, கம்பத்தில் மோதி, நெற்றியில் கட்டோடு ஜெயித்துவிட்டார் என்று தோட்டத்து ஜீப்பு டிரைவர் வந்து சொன்னார். சேதி கேட்ட அப்பா சாப்பிட்ட கையைக் கழுவாமல் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அப்பா கால்பந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினார். கடைவீதியில் மலைக்குப் போய்வருகிற ஆட்களாகப் பார்த்துப் பிடித்து, "ஏப்பா, ரெண்டு பக்கமும் சமமா முடிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்பார். "மறுநாள் திரும்ப ஆடுவாக" என்றால், "ஏன், அன்னைக்கே ரெண்டு பேரும் தோத்துட்டதா வச்சுக்கிறக் கூடாதா?" என்பார். அம்மா கோயிலில் தம்பி ஜெயிக்கத் தேங்காய் உடைத்தாள். மறுநாள் அப்பாவும் போய் ஒரு தேங்காய் உடைத்தார். எதுக்கு என்று கேட்டதற்கு, "பொதுவா" என்றார்.

அத்தை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே என்னிடம்தான் சொன்னாள். "பயமா இருக்குடி. அவுக தோத்துட்டா அண்ணன் வர்ற வெள்ளிக்கெழமை என்னைய அந்தக் கடைக்காரனுக்குப் பேசி முடிச்சிரும். அண்ணன் வாக்கு மாறாது. அதுதான் பயமே." துவைத்த துணியையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. அன்றைக்கு அப்பா வாங்கி வந்த காராச்சேவை நான் தொடவே இல்லை. கொஞ்சம்தான் தொட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நாங்கள் யாரும் போகவில்லை. பெண்பிள்ளைகள் போவதில்லை, அப்பாவுக்குப் போக மானம் இடம் கொடுக்கவில்லை. அந்த ஜீப்பு டிரைவர்தான் ஒரு வழி சொன்னார். அவர் மாமாவுக்குக் கூட்டாளி.

"அண்ணே, ஆட்டம் முடிஞ்சதும் நாந்தேன் மொத ஆளா எறங்குவேன். ஜெயிச்சுட்டோம்னா கீழ மூணு வளைவுலயும் லைட்டைப் போட்டுக்கிட்டே வர்றேன். தோத்துட்டா லைட்டு இருக்காது. நீங்க மாடியில நின்னு பாத்துக்கங்க. வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் காத்துக் கெடக்க வேணாம்."

பட்டப்பகலில் எவன் லைட்டுப் போடப் போகிறான்? நல்ல ஏற்பாடு என்று எல்லாரும் தலையாட்டினோம்.

மத்தியானத்திலிருந்து நாங்கள் மாடியில்தான். அப்பா, அம்மா, அத்தை, நான். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சொல்லியும் காய் பொறுக்குகிற பெண்கள் பத்துப் பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேட்டால், "சும்மா, இந்தப் பக்கம் வந்தோம்" என்றார்கள். ஆட்டத்தின் இடைவேளையில் கிளம்பி வந்த ஒரு ஜீப்பு எங்கள் வாசலில் நின்று, மாமா டீம் ஒரு கோல் முன்னால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. அந்த ஜீப்பு மலையிறங்கி வருவதற்குள் மேலே ஆட்டமே முடிந்திருக்கும். எங்களுக்குத்தான் இன்னும் பாதி ஆட்டம் பாக்கி. தண்ணீர் கொண்டா, தண்ணீர் கொண்டா என்று அப்பா மூன்று தடவை என்னைக் கீழே விரட்டினார்.

வெயில் இன்னும் மாடிச் சுவரில் இருந்தது. மலை உச்சியில் மட்டும் வெள்ளையாக மூடுபனி, எங்கள் ஊர்ப் பேச்சில் மஞ்சு, இறங்கி உட்கார்ந்திருந்தது. அது தினம் இறங்குவதுதான். போடிக்காரன் எவன் அதை அண்ணாந்து பார்ப்பான்?

நான்தான் முதலில் பார்த்தேன். என் கண் அப்படி. "லைட்டு! லைட்டு!" என்று கத்தினேன்.

மூன்றாவது வளைவில் ஒரு ஜீப்பு. முன்னால் இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, எந்தம்பி ஜெயிச்சுட்டான்!" என்று கையைத் தட்டினாள். அப்பா நம்பவில்லை. "இரு, இரு. அது வெயில் பட்டு மின்னுது" என்றார். ஜீப்பு இரண்டாவது வளைவில் திரும்பியது. லைட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. பின்னாலேயே இன்னொரு ஜீப்பு. அதிலும் லைட்டு. அதற்குப் பின்னால் மூன்றாவது. அதிலும் லைட்டு.

"பாருங்க, மலையே கொண்டாடுது!" என்றாள் அம்மா.

அப்புறம் ஒரு பஸ்சும் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு விறகு லாரி, அதுவும் லைட்டோடு. எனக்கு மட்டும் லேசாக உதைத்தது. "ஏம்மா, விறகு லாரிக்காரனுக்கு எதுக்கு இம்புட்டுச் சந்தோசம்?" என்றேன். நறுக்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. "நல்ல நாளும் அதுவுமா வாயப் பாரு, கழுத!"

அப்பா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். ஏலக்காய் வியாபாரத்தில் எழுத்தெல்லாம் பிறகுதான். காயைக் கையில் அள்ளிப் பார்த்து, சரி என்று கை கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். மறுநாள் விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சுக் கிடையாது. கை கொடுத்துவிட்டுப் பின்வாங்கினவனுக்கு அந்த வீதியில் அதற்கப்புறம் எவனும் மூட்டையை அவிழ்த்துக் காட்ட மாட்டான்.

"சொன்னா சொன்னதுதேன். தட்டை எடு" என்றார்.

அம்மா தட்டைத் தயாராக வைத்திருந்தாள், ஒரே ஓட்டத்தில் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ எல்லாம் காலையிலேயே வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள், பொல்லாதவள். மாமாவுக்கு அப்பா அம்மா இல்லை, அக்காதான் எல்லாம். ஆக, பெண் வீட்டுக்காரர் எங்கள் அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரி எங்கள் அம்மா. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சோறு தின்கிற இரண்டு பேரும் கிழக்கும் மேற்குமாக எதிரெதிரே நின்றுகொண்டு, முன்னப்பின்ன தெரியாதவர்கள் மாதிரிக் கும்பிட்டுக்கொண்டார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியாததால் நடுவில் நின்றேன். தட்டு மாறியது. பத்துப் பெண்களும் குலவை போட்டார்கள். அத்தையின் தலையில் பூ வைத்தார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

கீழே வாசலில் ஜீப்பு வந்து நின்ற சத்தம் கேட்டது. எல்லாரும் முன்கூடத்துக்கு இறங்கி ஓடினோம்.

மாமா வந்தார். தலை முதல் கால் வரை சேறு. கையில் கப்பு இல்லை. பின்னால் வந்த டிரைவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் என்னமோ சொன்னார். மாமா அவர் கையை உதறிவிட்டு உள்ளே வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"தோத்துட்டோம், மச்சான். ரெண்டு, ஒண்ணு."

குலவை போட்ட பத்துப் பேரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப லைட்டு?" என்றார் அப்பா. அவருடைய குரலே எனக்குப் புதுசாக இருந்தது.

டிரைவர் திருதிருவென்று விழித்தார். "அண்ணே, மேல பயங்கர மஞ்சு. முன்னால போற வண்டி தெரியல. லைட்டைப் போடாம பாதாளத்துக்கா போறது? கீழ வந்ததும் அணைக்கணும்னுதேன் இருந்தேன். தோத்த துக்கத்துல சுத்தமா மறந்துருச்சுண்ணே!"

"அம்புட்டு ஜீப்புமா மறந்துருச்சு?"

"அவுகளுக்கென்ன தெரியும்? எல்லாரும் மஞ்சுக்குப் போட்ட லைட்டுண்ணே!"

விறகு லாரியைப் பற்றி நான் சொன்னதை ஞாபகப்படுத்தலாமா என்று அம்மா முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று பட்டது.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடைசி கோலும் அந்த மஞ்சுலதேன் போச்சு மச்சான். பந்து வந்தது கண்ணுக்குத் தெரியல. கையில பட்டுச்சு. நாந்தேன் விட்டுட்டேன்." அப்போதுதான் தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தார். தலையில் பூவோடு நிற்கிறாள், அம்மா கையில் தட்டு இருக்கிறது. விசயம் மெதுவாகப் புரிந்து, அவர் முகம் விழுந்தது. "லைட்டை நம்பியிருப்பாரு, இன்னைக்கு ஒண்ணும் சொல்லாத, காலையில சொல்லிக்கலாம்னு இப்பத்தேன் இவன் காதுல சொன்னான். எனக்கு முடியல மச்சான்" என்றார்.

முன்கூடமே பஞ்சாயத்து ஆகிவிட்டது. "ஜெயிச்சாத்தான குடுக்கிறேன்னாரு?" என்றாள் பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி. "தட்டு மாத்துனா மாத்துனதுதேன், நாங்க பாத்தமுல்ல" என்றாள் இன்னொருத்தி. "காய் பச்சைன்னு நெனச்சுக் கை குடுத்து, அவுத்துப் பாத்தா சருகா இருந்தா என்ன செய்யிறது?" என்று அப்பா கேட்டார். "அது நீங்க பாத்து வாங்கியிருக்கணும்" என்று அம்மா அவர் மேல் பாய்ந்தாள். தட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள், யாரும் பிடுங்கிவிட முடியாது.

அத்தை நடந்து வந்து அம்மா கையிலிருந்து அந்தத் தட்டை வாங்கினாள். நேராகக் கொண்டுபோய் அப்பாவின் காலடியில் டங்கென்று வைத்தாள். அத்தை சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"போதும்ணே. ஜெயிச்சாக் குடுப்பீக, தோத்தாக் குடுக்க மாட்டீக. லைட்டு எரிஞ்சாக் குடுப்பீக, அணைஞ்சாக் குடுக்க மாட்டீக. நான் என்ன அந்தக் கப்பா? ஒருத்தராச்சும் என்கிட்டக் கேட்டீகளா?"

அப்பா வாயைத் திறந்தார். அத்தை விடவில்லை.

"மதினி, நீங்களும்தேன். தம்பி ஜெயிப்பான் ஜெயிப்பான்னு பந்தயம் கட்டுனீகளே, நான் பட்ட பாடு தெரியுமா? பத்து நாளாச் சோறு எறங்கல எனக்கு. இந்தத் தட்டு எனக்கு வேணாம். மஞ்சுல மாத்துன தட்டு. அண்ணே, இந்தா உங்க முன்னால நிக்கிறாரு. தோத்துட்டு வந்திருக்காரு, சேறும் சகதியுமா இருக்காரு. இவரைத்தேன் எனக்குப் பிடிச்சிருக்கு. இப்பப் பாத்துச் சொல்லுங்க. குடுப்பீகளா, மாட்டீகளா?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

அப்பா தட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். மாமாவின் கையைப் பார்த்தார். விரலெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"கை என்ன இப்படிக் கெடக்கு?" என்றார்.

"பந்தைப் புடிச்சதுதேன் மச்சான்."

"சும்மா நிக்கிறதுன்னுல்ல நெனச்சேன்" என்றார் அப்பா. பிறகு தங்கையின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "பத்து நாளாச் சாப்பிடலையா ஆத்தா? என்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"நீங்க கேக்கலையேண்ணே."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எங்கள் அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, குனிந்து தட்டை எடுத்தார். அம்மா வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவர் அம்மாவிடம் கொடுக்கவில்லை. அத்தையின் கையில் வைத்தார்.

"என் தப்புதேன் ஆத்தா. இந்தா, நீயே குடு. யாருக்குக் குடுக்கணும்னு தோணுதோ அவுகளுக்குக் குடு."

அத்தை தட்டோடு மாமாவுக்கு எதிரே போய் நின்றாள். மாமா சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தார். வேட்டியும் சேறுதான்.

"இதையாச்சும் விட்டுறாமப் புடிங்க" என்றாள் அத்தை.

மாமா இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.